பட்டு மவுஸ்: சிக்னல் ஹேண்ட்லருக்குள் வேலை பார்த்த எக்ஸ் சர்வர்

2000களில் லினக்ஸ் டெஸ்க்டாப் பயன்படுத்தியவர்களுக்கு இது நினைவிருக்கும். பெரிய படம் ஒன்றைத் திறக்கிறோம், திரை அப்படியே உறைந்து போகிறது. ஜன்னல் நகரவில்லை, பட்டன் அழுந்தவில்லை, மூலையில் இருக்கும் கடிகாரம்கூட நின்றுவிட்டது. ஆனால் மவுஸ் கர்சர் மட்டும் கை போன பக்கமெல்லாம் வழுக்கிக்கொண்டு போகும். திரையை வரையும் ப்ரோகிராம் வேறொரு வேலையில் மூழ்கியிருக்கும்போது அந்தக் கர்சரை யார் நகர்த்தினார்கள்?

லினக்ஸில் திரையை வரைந்து, மவுஸையும் கீபோர்டையும் கவனிக்கும் அந்த ப்ரோகிராமின் பெயர் எக்ஸ் சர்வர். அதன் பழைய லாக் கோப்பில் "சில்கன் மவுஸ் எனேபிள்ட்" என்று ஒரு வரி வரும். பட்டு மவுஸ். எக்ஸ் சர்வரின் முந்தைய வடிவமான எக்ஸ்ஃப்ரீ86 காலத்துப் பெயர் அது. 2004-இல் அதிலிருந்து பிரிந்த எக்ஸ்.ஆர்க் சர்வரும் அப்படியே எடுத்துக்கொண்டது. அந்தப் பட்டுக்குப் பின்னால் இருந்தது ஒரு யூனிக்ஸ் சிக்னல்: சிக்ஐஓ. ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோகிராமை கெர்னல் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையம்) நடுவில் தட்டிக் கூப்பிடுவதுதான் சிக்னல்; அப்போது ஓடும் ஃபங்ஷன் அதன் ஹேண்ட்லர். பல த்ரெட் (ஒரே ப்ரோகிராமுக்குள் இணையாக ஓடும் வேலைச் சரடு) ஓடும் கிராஃபிக்ஸ் ப்ரோகிராமில் சிக்னலை எப்படிக் கையாள வேண்டும், எப்படிக் கையாளவே கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒரு நிகழ்வை நான் பார்த்ததில்லை. அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

ஏன் சிக்னல்?

எக்ஸ் சர்வர் அடிப்படையில் ஒற்றை த்ரெட்டில் ஓடும் ப்ரோகிராம். ஒரு ஈவன்ட் லூப், அதாவது வருவதை ஒவ்வொன்றாகக் கவனிக்கும் முடிவில்லாச் சுழற்சி. அதில் ஒவ்வொரு கிளையன்ட்டாக (ஜன்னல் வைத்திருக்கும் ப்ரோகிராம்) வந்து "இதை வரை", "இதை நகர்த்து" என்று கேட்கும், சர்வர் செய்து கொடுக்கும். ஒரு கோரிக்கையில் கை வைத்தால் அதை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைப் பார்க்கும். அந்தக் கோரிக்கை அரை விநாடி எடுத்தால், அந்த அரை விநாடியும் மவுஸிலிருந்து வரும் தகவலைப் படிக்க ஆள் இல்லை. கர்சர் திக்கித் திக்கி நகரும்.

கர்சர் திக்கினால் கம்ப்யூட்டரே செத்துவிட்டது என்று நினைக்கிறோம். கர்சர் ஓடிக்கொண்டிருந்தால் "ஏதோ வேலை நடக்கிறது, காத்திருப்போம்" என்று பொறுத்துக்கொள்கிறோம். எனவே கர்சருக்கு மட்டும் ஒரு குறுக்கு வழி போட்டார்கள். "மவுஸில் ஏதாவது வந்தால் எனக்கு சிக்ஐஓ அனுப்பு" என்று சர்வர் கெர்னலிடம் சொல்லி வைக்கும். மவுஸ் அசைந்ததும் சிக்னல் வரும். சர்வர் எந்த வேலையின் நடுவில் இருந்தாலும் அதைப் பாதியில் நிறுத்தி, சிக்னல் ஹேண்ட்லர் ஓடும். அந்த ஹேண்ட்லர் மவுஸைப் படித்து, புதிய இடத்தைக் கணக்கிட்டு, கர்சரை அங்கே நகர்த்தி, நிகழ்வை ஒரு வரிசையில் போட்டுவிட்டுத் திரும்பும். கர்சரை கிராஃபிக்ஸ் கார்டு தனி அடுக்காக வைத்திருப்பதால், நகர்த்துவதற்குப் புதிய இடத்தைச் சொன்னாலே போதும், எதையும் மறுபடி வரைய வேண்டியதில்லை. கிளையன்ட்டுகளுக்குச் செய்தி சொல்வதை லூப் நிதானமாகப் பிறகு பார்த்துக்கொள்ளும்.

யோசனை அழகானதுதான். மவுஸ் மூன்று பட்டனும் ஒரு பந்துமாக இருந்தவரை ஓரளவு தாக்குப்பிடிக்கவும் செய்தது.

அதே வீட்டில் இரண்டு நல்ல ஹேண்ட்லர்கள்

அதே சர்வரில் சிக்டெர்ம் (ப்ரோகிராமை முடித்துக்கொள்ளச் சொல்லும் சிக்னல்) வந்தால் ஓடும் ஹேண்ட்லர் ஒன்று உண்டு, பெயர் "கிவ்அப்". அதன் உடம்பு மொத்தமே நாலைந்து வரி. எர்னோவின் (கடைசிப் பிழையின் எண் இருக்கும் மாறி) மதிப்பை எடுத்து வைத்துக்கொள்ளும். "முடித்துக்கொள்" என்று ஒரு கொடியில் (லூப் பார்ப்பதற்காக வைத்த அடையாள மாறி) ஒரு பிட்டை ஏற்றும். "கையில் இருப்பதை விட்டுவிட்டு லூப்புக்குத் திரும்பு" என்று இன்னொரு கொடியை ஏற்றும். எர்னோவைப் பழையபடி வைத்துவிட்டுத் திரும்பும். ஜன்னல்களை மூடுவது, நினைவகத்தை விடுவிப்பது, லாக் எழுதுவது எதுவுமே அங்கே கிடையாது. அதெல்லாம் லூப் அந்தக் கொடியைப் பார்த்த பிறகு நடக்கும்.

இன்னொன்று, கிளையன்ட்டுகளுக்கு நேரம் பங்கு போடும் டைமர். சிக்அலார்ம் வரும்போது அதன் ஹேண்ட்லர் ஒரு எண்ணைக் கூட்டும். ஒரே ஒரு வரி.

சிக்ஐஓ ஹேண்ட்லர் இவற்றோடு சேராது. அது டிரைவருக்குள் போகும், டிரைவர் மவுஸின் வேக முடுக்கத்தைக் கணக்கிடும், வரிசையைத் தொடும், கிராஃபிக்ஸ் டிரைவரை அழைக்கும், ஏதாவது தப்பாக இருந்தால் லாக்கும் எழுதும். ஒரு முழு உள்ளீட்டு அமைப்பே சிக்னல் ஹேண்ட்லருக்குள் குடியிருந்தது.

பூட்டு

மாலக் என்பது ப்ரோகிராமுக்கு நினைவகம் ஒதுக்கும் ஃபங்ஷன். ஒதுக்கும்போது உள்ளே ஒரு பூட்டைப் போட்டுக்கொள்ளும். சர்வர் மாலக்கின் நடுவில் இருக்கிறது, பூட்டு அதன் கையில். சரியாக அந்த நொடியில் மவுஸ் அசைகிறது. சிக்னல் வருகிறது, அதே த்ரெட்டில், அதே ஸ்டாக்கின் (ஃபங்ஷன் அழைப்புகளின் அடுக்கு) மேலேயே ஹேண்ட்லர் ஓடுகிறது. அது அழைத்த ஏதோ ஒரு ஃபங்ஷன் மாலக்கைக் கூப்பிடுகிறது. இந்த இரண்டாவது மாலக் பூட்டுக்காகக் காத்திருக்கிறது. பூட்டை வைத்திருக்கும் முதல் மாலக்கோ, ஹேண்ட்லர் முடிந்தால்தான் நகர முடியும். பூட்டியவனும் பூட்டுக்குக் காத்திருப்பவனும் ஒரே ஆள். இனி இது எக்காலத்திலும் விடுபடாது.

இப்படி மாட்டிக்கொண்ட ப்ரோகிராமை ஜிடிபி என்ற பிழை தேடும் கருவியில் பிடித்து ஸ்டாக்கைப் பார்த்தால் காட்சி மறக்காது. உச்சியில் பூட்டுக்குக் காத்திருக்கும் ஃபங்ஷன். அதன் கீழே மாலக். கொஞ்சம் தள்ளி, கோண அடைப்புக்குள் "சிக்னல் ஹேண்ட்லர் அழைக்கப்பட்டது" என்று ஜிடிபி தானாகப் போடும் வரி. அதற்கும் கீழே மறுபடி மாலக். அந்த வரிக்கு மேலும் கீழும் ஒரே பெயரைப் பார்த்துவிட்டால் வேறு எதையும் தேட வேண்டாம்.

"ஒரே த்ரெட் திரும்பத் திரும்பப் போடக்கூடிய பூட்டாக வைத்தால் தீராதா?" என்று கேட்கலாம். தீராது. தொங்கிப்போவது நிற்கும், அதைவிட மோசமான ஒன்று வரும். முதல் மாலக் தன் பட்டியலைப் பாதி மாற்றி வைத்திருக்கும்; இரண்டாவது அந்தப் பாதிப் பட்டியலின் மேல் எழுதும். பத்து நிமிடம் கழித்து, சம்பந்தமே இல்லாத இடத்தில் ப்ரோகிராம் விழும். அதற்குத் தொங்கிப்போவதே மேல். தொங்கினால் ஆதாரமாவது ஸ்டாக்கில் இருக்கும்.

சிக்னல் ஹேண்ட்லருக்குள் எதையெல்லாம் அழைக்கலாம் என்று யூனிக்ஸ் தரநிலையான போசிக்ஸ் ஒரு பட்டியலே வைத்திருக்கிறது. பைட்டுகளை நேரடியாக எழுதும் ரைட் அதில் இருக்கிறது. மாலக் இல்லை, எழுத்தை வடிவமைத்து எழுதும் ப்ரிண்ட்எஃப் இல்லை, மியூடெக்ஸை (த்ரெட்டுகளுக்கிடையே போடும் பூட்டு) பூட்டுவது இல்லை.

ஒட்டுகள்

மவுஸ் அதே மவுஸாக நிற்கவில்லை. டச்பேட் வந்தது. 2009-இல் வந்த 1.7 பதிப்பில் ஒரே திரையில் பல கர்சர்கள் சாத்தியமாயின. 2012 மார்ச்சில் 1.12 பதிப்போடு மல்டிடச் வந்தது. ஒவ்வொன்றும் சிக்ஐஓ ஹேண்ட்லருக்குள் ஓடும் நிரலை இன்னும் பெரிதாக்கியது. எழுதுகிறவருக்குத் தான் எழுதும் ஃபங்ஷன் ஒரு நாள் சிக்னலுக்குள்ளிருந்து அழைக்கப்படும் என்பது தெரியவே தெரியாது. நிரலைப் பார்த்தாலும் சாதாரண ஃபங்ஷன் போலத்தான் இருக்கும்.

சர்வரின் பொறியாளர்கள் கவனமானவர்கள். ஓட்டை தெரிந்த இடமெல்லாம் அடைத்தார்கள். நிகழ்வுகள் போகும் வரிசை முன்கூட்டியே ஒதுக்கப்பட்டது, 512 இடம். அது நிரம்பத் தொடங்கினால் ஹேண்ட்லருக்குள் பெரிதாக்க முடியாது, ஏனென்றால் அதற்கு நினைவகம் ஒதுக்க வேண்டும். எனவே லூப் தன் முறை வரும்போது பார்த்து, அதிகபட்சம் 4096 வரை பெரிதாக்கும். லூப் நெடுநேரம் வராமலே போனால் நிகழ்வுகள் கீழே விழும், "வரிசை வழிகிறது" என்று லாக்கில் எழுதும்.

அந்த லாக் எழுதுவதே அடுத்த தலைவலி. 2012-இன் பிற்பகுதியில் வந்த 1.13-இல் சிக்னலுக்குள் பாதுகாப்பாக எழுதத் தனி லாக் ஃபங்ஷன்கள் சேர்க்கப்பட்டன. லைப்ரரியின் ப்ரிண்ட்எஃப் வகையறாவை நம்ப முடியாது என்பதால், எழுத்தும் எண்ணும் மட்டும் தெரிந்த ஒரு சின்ன ப்ரிண்ட்எஃப்பைச் சொந்தமாகவே எழுதினார்கள். சிக்னலுக்குள்ளிருந்து பழைய லாக் ஃபங்ஷனை அழைத்தால் "பாதுகாப்பற்ற முறையில் எழுதப் பார்க்கிறாய்" என்று சர்வர் எச்சரிக்கும். அன்று என் கணினியின் லாக்கிலும் அந்த எச்சரிக்கையைப் பார்த்திருக்கிறேன். தப்பைத் தானே காட்டிக்கொடுக்கும்படி ஒரு ப்ரோகிராமை எழுதியிருந்தது எனக்கு அன்றைக்குப் பெரிய பாடமாக இருந்தது.

மூன்றாவது ஒட்டு, சிக்னலைத் தடுத்து வைப்பது. வரிசை, கர்சர் போன்ற பொதுச் சொத்தைத் தொடும் முன் லூப் சிக்ஐஓவைத் தடுக்கும், தொட்டு முடித்ததும் திறந்துவிடும். ஒற்றை த்ரெட்டில் இது கச்சிதமாக வேலை செய்யும்.

த்ரெட் வந்தபோது

இந்த நிகழ்வில் நான் அதிக நேரம் செலவழித்த இடம் இதுதான்.

சர்வர் ஒற்றை த்ரெட் என்றேன். ஆனால் சர்வர் தனியாக ஓடுவதில்லை. கிராஃபிக்ஸ் டிரைவர் லைப்ரரிகள் அதே ப்ராசஸுக்குள் (ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோகிராம்) வந்து உட்காரும். அவை ஷேடர் (கிராஃபிக்ஸ் கார்டில் ஓடும் சின்ன ப்ரோகிராம்) கம்பைல் செய்ய, வேலையைப் பிரித்துக்கொள்ள, தங்களுக்கென்று த்ரெட்டுகளை உருவாக்கிக்கொள்ளும். ஜன்னலும் பட்டனும் தரும் ஜிடிகே, க்யூட்டி லைப்ரரிகளை வைத்து நாம் எழுதும் ப்ரோகிராம்களிலும் இதே நிலைதான். நாம் ஒரு த்ரெட்கூட உருவாக்கவில்லை என்றாலும், உள்ளே எட்டிப் பார்த்தால் நாலைந்து இருக்கும்.

சிக்னல் ஹேண்ட்லர் ப்ராசஸ் முழுமைக்கும் ஒன்று. சிக்னலைத் தடுக்கும் மாஸ்க் மட்டும் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனித்தனி. ப்ராசஸுக்கென்று வரும் சிக்னலை, அதைத் தடுக்காமல் வைத்திருக்கும் ஏதாவது ஒரு த்ரெட்டுக்கு கெர்னல் கொடுக்கும். லினக்ஸ் முதலில் மெயின் த்ரெட்டைத்தான் பார்க்கும். மெயின் த்ரெட் தடுத்திருந்தால் வேறொரு த்ரெட்டைத் தேடும்.

இப்போது மேலே சொன்ன மூன்றாவது ஒட்டைத் திரும்பப் பாருங்கள். லூப் வரிசையைத் தொடப் போகிறது. பாதுகாப்புக்காக சிக்ஐஓவைத் தடுக்கிறது. தடுத்தது தன் த்ரெட்டில் மட்டும். மவுஸ் அசைகிறது. கெர்னல் மெயின் த்ரெட்டைப் பார்க்கிறது, கதவு சாத்தியிருக்கிறது. பக்கத்தில் ஷேடர் த்ரெட் ஒன்று திறந்த கதவோடு நிற்கிறது. சிக்னல் அங்கே போகிறது. ஹேண்ட்லர் அந்த த்ரெட்டில் ஓடி, லூப் தொட்டுக்கொண்டிருக்கும் அதே வரிசையை அதே நேரத்தில் தொடுகிறது. பாதுகாப்புக்காகப் போட்ட தடையே சிக்னலை ஆபத்தான இடத்துக்குத் திருப்பி விடுகிறது. தடுக்காமல் விட்டிருந்தால்கூட அது மெயின் த்ரெட்டுக்கே வந்திருக்கும்.

இதற்கு மருந்து, துணை த்ரெட் எதுவும் சிக்னலே வாங்காமல் பார்த்துக்கொள்வது. புதிய த்ரெட் தன்னை உருவாக்கிய த்ரெட்டின் மாஸ்க்கைச் சுவீகரித்துக்கொள்ளும். எனவே உருவாக்கும் முன் எல்லா சிக்னலையும் தடுத்து, த்ரெட்டை உருவாக்கி, பழைய மாஸ்க்கைத் திரும்பப் போட வேண்டும். உருவான பிறகு உள்ளே போய்த் தடுக்கலாம் என்றால், நடுவில் ஒரு சந்து இருக்கிறது. மெசா என்ற கிராஃபிக்ஸ் லைப்ரரியின் த்ரெட் உருவாக்கும் ஃபங்ஷன் இதைத்தான் செய்கிறது. சாண்ட்பாக்ஸுக்கு (ப்ரோகிராமை அடைத்து வைக்கும் பாதுகாப்புக் கூண்டு) தேவைப்படும் சிக்சிஸ்ஸையும், சில ட்ரேஸிங் கருவிகள் நினைவகத் தொடுகையைக் கண்காணிக்கப் பயன்படுத்தும் சிக்செக்வியையும் (நினைவகத்தைத் தப்பாகத் தொட்டால் வரும் சிக்னல்) மட்டும் விட்டுவைத்து, மற்ற எல்லாவற்றையும் தடுத்துவிட்டுத்தான் த்ரெட்டைப் பிறக்க விடுகிறது. பிறர் ப்ராசஸுக்குள் குடியேறும் ஒரு லைப்ரரி காட்ட வேண்டிய மரியாதை அது. லைப்ரரி எழுதும் எல்லோரும் அந்த ஒரு ஃபங்ஷனைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கடைசியில் செய்தது

உள்ளீட்டைச் சிக்னலிலிருந்து எடுத்துத் தனி த்ரெட்டுக்குக் கொண்டுபோகும் வேலையை 2007-08 வாக்கில் தியாகோ விக்னாட்டி தொடங்கினார், ஃபெர்னாண்டோ காரிஜோவும் சேர்ந்துகொண்டார். கீத் பேக்கார்ட் அதை முடித்துச் சேர்த்தார். 2016 நவம்பரில் வெளிவந்த 1.19 பதிப்பில் சிக்ஐஓ போனது, உள்ளீட்டு த்ரெட் வந்தது.

அந்த த்ரெட் தொடங்கியதும் முதலில் செய்வது எல்லா சிக்னலையும் தடுப்பது. "இந்த த்ரெட்டில் எந்த சிக்னலையும் கையாளாதே" என்று மேலே குறிப்பே இருக்கிறது. அப்புறம் சாதனங்களைக் கவனித்துக்கொண்டு காத்திருக்கும். ஏதாவது வந்தால் மியூடெக்ஸைப் பூட்டும், படிக்கும், கர்சரை நகர்த்தும், வரிசையில் போடும், திறக்கும். மாலக்கைத் தாராளமாக அழைக்கலாம், ப்ரிண்ட்எஃப் போடலாம், பூட்டுக்குக் காத்திருக்கலாம். இது சாதாரண த்ரெட்தானே, காத்திருந்தால் மறுபுறம் பூட்டை வைத்திருப்பவர் நகர்ந்து திறந்துவிடுவார். சிக்ஐஓவைத் தடுத்த இடங்களிலெல்லாம் மியூடெக்ஸ் வந்தது. டிரைவர்களையும் அதற்கேற்ப மாற்ற வேண்டியிருந்தது. பட்டு மவுஸ் பட்டாகவே இருந்தது.

லூப்பைத் தட்டி எழுப்ப அந்த த்ரெட் பயன்படுத்துவது ஒரு பைப். ஒரு முனையில் ஒரு பைட் எழுதினால், மறு முனையைக் கவனித்துக்கொண்டிருக்கும் லூப் விழித்துக்கொள்ளும். இந்தப் பைப் தந்திரம் சிக்னல் உலகில் பழையது. ப்ரோகிராமர் டான் பெர்ன்ஸ்டைன் 1990களில் பிரபலமாக்கியது.

என் ப்ரோகிராமில்

சொற்பொழிவுகளைப் பதிவு செய்ய க்யூட்டியில் ஒரு ப்ரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். மெயின் த்ரெட்டில் ஜன்னலும் முன்னோட்டமும்; கேமராவைப் படிக்க ஒன்று, வட்டில் எழுத ஒன்று என்று துணை த்ரெட்டுகள். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டியின் கீழ் ஒரு சேவையாக ஓடும். கணினியை அணைத்தால் சிக்டெர்ம் வரும், என் ஹேண்ட்லர் பதிவை ஒழுங்காக முடித்து மூடும். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் அதைப் பயன்படுத்தும் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் கூப்பிட்டார். "தம்பி, நேத்து அணைக்கும்போது ஒன்றரை நிமிஷம் அப்படியே நின்னுச்சு. காலையில பார்த்தா வீடியோ ஓட மாட்டேங்குது." அந்த ஒன்றரை நிமிடத்திலேயே பதில் இருந்தது. சிக்டெர்ம் அனுப்பிய பிறகு சிஸ்டம்டி வழக்கமாகக் காத்திருக்கும் நேரம் 90 விநாடி. அதற்குள் ப்ரோகிராம் போகவில்லை என்றால் சிக்கில், தடுக்கவே முடியாமல் கொல்லும் சிக்னல். எம்பி4 கோப்பின் அட்டவணை பதிவு முடியும்போதுதான் எழுதப்படும். நடுவில் கொன்றால், காட்சியெல்லாம் கோப்பில் இருந்தும் ப்ளேயரால் திறக்க முடியாது. இரண்டு மணி நேரப் பேச்சு அது.

என் ஹேண்ட்லர், த்ரெட்டுகளுக்கிடையே காட்சிகள் போகும் வரிசையின் மியூடெக்ஸைப் பூட்டியது. முன்னோட்டம் காட்ட மெயின் த்ரெட்டும் அதே மியூடெக்ஸை விநாடிக்கு 30 முறை பூட்டும். அந்தச் சின்ன நேரத்துக்குள் சிக்னல் வந்து விழுந்தால் முடிந்தது கதை. சோதிக்கும்போது எனக்கு ஒருமுறைகூட விழவில்லை. வேண்டுமென்றே பூட்டின் நடுவில் ஒரு தூக்கம் போட்டு சிக்டெர்ம் அனுப்பிப் பார்த்தபோது முதல் தடவையே தொங்கியது. ஜிடிபியில் அந்தக் கோண அடைப்பு வரியும் தெரிந்தது.

முதலில் சிக்னல்எஃப்டியைப் பிடித்தேன். லினக்ஸ் 2.6.22-இல், 2007-இல் வந்த வசதி. சிக்னலைத் தடுத்து வைத்துவிட்டு, அதை ஒரு கோப்பைப் போலப் படித்துக்கொள்ளலாம். மெயினின் முதல் வரியிலேயே, க்யூட்டி எதையும் உருவாக்கும் முன்பே, சிக்டெர்மைத் தடுத்தேன். பிறக்கும் த்ரெட்டெல்லாம் அதே மாஸ்க்கோடு பிறந்தன. க்யூட்டியின் சாக்கெட் நோட்டிஃபையர் அதைக் கவனிக்கும்; சிக்டெர்ம் வந்தால் மெயின் த்ரெட்டில், ஈவன்ட் லூப்புக்குள், சாதாரண ஸ்லாட் (க்யூட்டி அழைக்கும் ஃபங்ஷன்) ஓடும். அங்கே பூட்டலாம், எழுதலாம், எதையும் செய்யலாம். சில மாதம் ஒரு குறையும் இல்லை.

பிறகு காட்சியைச் சுருக்கும் என்கோடரைத் தனி ப்ராசஸாகப் பிரித்தேன், அது விழுந்தாலும் ஜன்னல் விழக்கூடாது என்று. பதிவை நிறுத்தினால் அதற்கு சிக்டெர்ம் போகும். போனது, ஆனால் அது அசையவில்லை. கணினியை அணைக்கும்போது மறுபடி 90 விநாடி.

ஓடும் ப்ராசஸ்களின் நிலையைக் காட்டும் ப்ராக் கோப்பகத்தில் அந்த ப்ராசஸின் ஸ்டேட்டஸைத் திறந்தேன். "சிக்பிஎல்கே" (தடுத்து வைத்த சிக்னல்கள்) என்ற வரியில் பூஜ்யங்களுக்கு நடுவே 4000. அது பதினாறின் அடிமானத்தில் எழுதிய எண்; பதினைந்தாவது பிட் ஏறியிருக்கிறது என்று பொருள். சிக்டெர்மின் எண் 15. "எஸ்எச்டிபிஎன்டி" வரியிலும் அதே 4000: சிக்னல் வந்து வாசலில் நிற்கிறது, உள்ளே விட ஆள் இல்லை. மாஸ்க் த்ரெட்டுக்கு மட்டுமல்ல, ஃபோர்க் (ப்ராசஸை நகலெடுப்பது) தாண்டி, எக்செக்கும் (அதில் வேறு ப்ரோகிராமை ஏற்றுவது) தாண்டி, முற்றிலும் வேறொரு ப்ரோகிராமுக்குள்ளும் கூடவே போகும். ஹேண்ட்லர் அப்படிப் போகாது. எக்செக் ஆனதும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

சிக்னல்எஃப்டியை வைத்துக்கொண்டே, குழந்தை ப்ராசஸைத் தொடங்கும் ஒவ்வொரு இடத்திலும் மாஸ்க்கைத் துடைக்கலாம். ஆனால் லைப்ரரிகளும் தங்கள் பாட்டுக்கு ப்ராசஸ் தொடங்கும், அவற்றையெல்லாம் என்னால் காவல் காக்க முடியாது. பைப்புக்கே திரும்பினேன். க்யூட்டியின் ஆவணமும் சாக்கெட்பேர் (பைப் போன்ற இருவழி இணைப்பு) வைத்து இதே வழியைத்தான் சொல்கிறது. ஜிடிகே எழுதுகிறவர்களுக்கு வேலை இன்னும் குறைவு: ஜிடிகேயின் அடித்தள லைப்ரரியான ஜிலிப்பில் 2.30 பதிப்பிலிருந்தே யூனிக்ஸ் சிக்னலுக்கென்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, அதில் பதிந்தால் ஹேண்ட்லர் மெயின் லூப்புக்குள் சாதாரணமாக ஓடும்.

இப்போது என் ஹேண்ட்லரில் மூன்று வரி. எர்னோவை எடுத்து வை, பைப்பில் ஒரு பைட் எழுது, எர்னோவைத் திரும்ப வை. பைப்பின் எழுதும் முனை காத்திருக்காத வகையில் திறக்கப்பட்டிருக்கிறது. நிரம்பியிருந்தால் எழுதாமல் திரும்பிவிடும், அதனால் நட்டமில்லை, லூப்பை எழுப்ப ஏற்கனவே ஒரு பைட் உள்ளே இருக்கிறது. எந்த த்ரெட்டில் ஓடினாலும் கவலையில்லை, பைப்பில் எழுதுவதற்கு எந்தப் பூட்டும் வேண்டாம். மாஸ்க்கைத் தொடவே இல்லை. சிக்செக்விக்கு மட்டும் ஹேண்ட்லர் வைக்கவில்லை. அது தப்பு செய்த த்ரெட்டுக்கே, தப்பு நடந்த இடத்திலேயே வரும், லூப்புக்குத் தள்ளிப்போட முடியாது. கோர் கோப்பு (ப்ரோகிராம் விழுந்த நொடியின் நினைவகப் பதிவு) விழட்டும் என்று விட்டுவிட்டேன்.

பேராசிரியரின் கணினியில் புதிய பதிப்பைப் போட்டுவிட்டு, பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே என்கோடரின் ஸ்டேட்டஸைத் திறந்து பார்த்தேன். சிக்பிஎல்கே வரியில் பதினாறு பூஜ்யம். அப்புறம் அவரையே அணைக்கச் சொன்னேன்.